புது ஆர்டருக்கு மட்டும் மெயில்: ஜாங்கோவில் எங்கே பிடிப்பது?

கேள்வி: என் கடைத் தளம் ஜாங்கோவில் (பைதான் மொழியில் இணையதளம் கட்டும் கருவி) ஓடுகிறது. புது ஆர்டர் பதிவானால் மட்டும் வாடிக்கையாளருக்கு மெயில் போக, ஆர்டரைச் சேமிக்கும் சேவ் மெத்தடில் ‘பிகே (பதிவின் அடையாள ஐடி) காலியாக இருந்தால் புதுசு’ என்று எழுதியிருந்தேன். ஐடியை யூயூஐடிக்கு (1, 2, 3 என்ற எண்ணுக்குப் பதில் நீளமான தனித்த ஐடி) மாற்றியதிலிருந்து ஒரு மெயிலும் போகவில்லை. எர்ரரும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: மெயில் செட்டிங்கைத் தொடாதீர்கள், கோளாறு அந்த ஒரு வரியில்தான். சாதாரண எண் ஐடியை டேட்டாபேஸ் தருகிறது. சேவ் ஆகும்வரை பிகே காலியாக இருக்கும். யூயூஐடிக்கு நீங்கள் டிஃபால்ட் (தானாக நிரம்பும் மதிப்பு) கொடுத்திருப்பீர்கள். ஆப்ஜெக்டை உருவாக்கியவுடனே பைதான் அதை நிரப்பிவிடுகிறது. அப்புறம் எங்கே காலியாக இருக்கும்?

சூப்பர்().சேவ்() வரிக்கு முன்னால் ‘புதுசு = செல்ஃப்._ஸ்டேட்.ஆடிங்’ என்று வாங்கி வையுங்கள். டேட்டாபேஸில் இன்னும் ஏறாத ஆர்டர் என்றால் அது ட்ரூ; அப்போது மட்டும் மெயில் அனுப்புங்கள். முன்னால்தான், சேவ் ஆனபிறகு கேட்டால் ஃபால்ஸ் என்றுதான் வரும். பெயரில் அடிக்கோடு இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், ஜாங்கோவின் ஆவணத்திலேயே இருக்கிறது. தினமும் பத்துப் பேருக்குத் தேவைப்படுவதை ஏன் இப்படி ஒளித்து வைத்தார்களோ, எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

மெயில் அனுப்பும் வரியை ட்ரான்சாக்ஷன்.ஆன்_கமிட்டுக்குள் போடுங்கள்; பதிவு டேட்டாபேஸில் உறுதியான பிறகுதான் அது ஓடும். இல்லாவிட்டால் ஆர்டர் ரோல்பேக் ஆன (பதிவாகாமல் திரும்பிய) பிறகும் ‘நன்றி’ மெயில் போய் நிற்கும்.

இதற்குத் தனி பேக்கேஜ் வேண்டும், சர்வரையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் நீட்டுகிறவர்களிடம் கவனமாக இருங்கள். ஒரு சின்னக் கடைக்காரரிடம் இந்த ஒரே வேலைக்கு மாதச் சந்தா வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு வரி வேலை ஐயா இது!

ஒரு இடத்தில் மட்டும் இது கைவிடும்: பல பதிவுகளை ஒரேயடியாக ஏற்றும் பல்க்_கிரியேட். எக்செல் ஷீட்டிலிருந்து 200 ஆர்டரை ஒரே மூச்சில் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். அது சேவ் மெத்தடைக் கூப்பிடவே கூப்பிடாது. சரி, சேவ் ஆனதும் ஜாங்கோ அனுப்பும் போஸ்ட்_சேவ் சிக்னலில் ‘கிரியேட்டட்’ (புதுப் பதிவா என்ற தகவல்) பார்க்கலாமே என்பார்கள். அந்த சிக்னலும் வராது. 200 ஆர்டரும் உள்ளே இருக்கும், ஒருவருக்கும் மெயில் போயிருக்காது. ஒவ்வொன்றாக சேவ் செய்யுங்கள், அல்லது பல்க்_கிரியேட்டுக்கு அடுத்த வரியில் நீங்களே மெயிலை அனுப்புங்கள். ஆர்டரை ஏற்றும் ஸ்கிரிப்டை வேறு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், முதலில் அதைத் திறந்து பல்க்_கிரியேட் என்ற பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.