இரண்டாவது நடுவர் வரவில்லை: கூடைப்பந்து ஆட்டத்தைத் தனியாக நடத்துவது எப்படி?

கேள்வி: நான் நடுவராகி அதிக நாளாகவில்லை. சிறிய போட்டிகளில் என்னோடு விசில் ஊத வேண்டிய இன்னொருவர் அடிக்கடி வராமல் போய்விடுகிறார். முழுக் கோர்ட், ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆட்டம். எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. பந்தைப் பார்த்தால் பின்னால் நடப்பது தவறிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தவறத்தான் செய்யும். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளே இரண்டு அல்லது மூன்று நடுவர்களை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலமுள்ள கோர்ட்டில் பத்துப் பேரையும் ஒருவரே பார்த்துவிட முடியாது. எதைக் கோட்டை விடலாம், எதை விடவே கூடாது என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் வரிசையில் உடல் மோதல்தான் முதலிடம். அதிலும் கூடைக்கு அருகே நடப்பது, ஷாட் போடுபவர் மேல் விழுவது. அடுத்து ட்ராவலிங் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி கூடுதல் அடி வைப்பது), டபுள் டிரிபிள் (தட்டி நிறுத்திய பந்தை மறுபடி தட்டத் தொடங்குவது) போன்றவை. கோட்டுத் தகராறு கடைசி. பந்து யார் மேல் பட்டு வெளியே போனது என்பதில் தவறினால் ஒரு அணிக்கு ஒரு வாய்ப்பு போகும், அவ்வளவுதான். முழங்கையால் வாங்கிய இடியை நீங்கள் பார்க்கவில்லை என்றால், வாங்கியவர் அடுத்த முறை தானே கணக்குத் தீர்ப்பார். அதனால் முதல் சில நிமிடங்களில் மோதலுக்குச் சற்றுக் கண்டிப்பாகவே ஊதுங்கள்.

இனி நிற்கும் இடம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கூடைக்குப் பின்னால் உள்ள எண்ட் லைனில் நிற்பார், அவர் லீட்; மற்றவர் ஆட்டத்துக்குப் பின்னால் வருவார், அவர் ட்ரெயில். தனியாக இருக்கும்போது பலர் லீட் மாதிரி எண்ட் லைன்வரை இறங்கிவிடுகிறார்கள். ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கான போட்டி, நன்றாகத் தெரியும், ஆனால் பந்து பறிபோன மறுநொடி எல்லோருக்கும் கடைசியில் நீங்கள்தான் ஓடுவீர்கள். நடுக்கோட்டருகே நின்றால் தெரிவதெல்லாம் முதுகுகள். பந்து இருக்கும் பக்கத்தில், ஃப்ரீ த்ரோ கோட்டை சைட்லைன் வரை நீட்டினால் வரும் இடத்துக்கும் எண்ட் லைனுக்கும் நடுவே நில்லுங்கள். பந்து மறுபக்கம் போகும் ஒவ்வொரு முறையும் குறுக்கே ஓட வேண்டாம். கோர்ட்டுக்குள் இரண்டு மூன்று அடி வைத்தால் போதும். தாக்குபவருக்கும் தடுப்பவருக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிகிறதா என்பதே கணக்கு. அது தெரியாவிட்டால் எவ்வளவு அருகில் நின்றும் பயனில்லை.

ஷாட் போனதும் பந்தின் பின்னாலேயே கண் போகும். அதை அடக்குங்கள். போட்டவர் கால் தரையில் ஊன்றும்வரை அவரைப் பாருங்கள், பிறகு ரீபவுண்டுக்கு இடம் பிடிப்பவர்களை. பந்து விழுந்ததா என்பது எப்படியும் தெரிந்துவிடும். பந்தைப் பறித்ததும் வேகமாகத் தாக்க ஓடும் ஃபாஸ்ட் பிரேக்கில் நேர் பின்னால் துரத்துவதைவிட, நாலைந்து மீட்டர் பின்தங்கினாலும் பக்கவாட்டில் ஓடுங்கள். தட்டியது கையையா பந்தையா என்பது அப்போதுதான் தெரியும்.

எதிர்ப்பக்க சைட்லைன்தான் பெரிய தலைவலி. இதற்கு விதியே ஒரு வழி தருகிறது: கடைசியாகப் பந்தைத் தொட்டது யார் என்று நடுவருக்குச் சந்தேகமாக இருந்தால் அது ஜம்ப் பால் நிலை. ஸ்கோர், நேரம் குறிப்பவர்கள் இருக்கும் டேபிளில், அடுத்து யார் முறை என்று காட்டும் அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அந்த அணிக்குப் பந்து. ஊகித்துக் கையை நீட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அம்பைக் காட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று புள்ளிக் கோட்டிலும் இதே சிக்கல் வரும். எம்பும்போது கால் எங்கே இருந்தது என்று பார்க்கவில்லையென்றால் நான் இரண்டுதான் கொடுப்பேன். இதை இரு அணிகளிடமும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தனி நடுவருக்கு உண்மையான ஆபத்து, ஆட்டம் நிற்கும் நேரத்தில் இருக்கிறது. ஃபவுல் ஊதிவிட்டு டேபிளை நோக்கி ஓடுவீர்கள். வழக்கமாக அந்த நேரத்தில் வீரர்களைப் பார்த்துக்கொள்வது மற்ற நடுவர். இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் தள்ளுமுள்ளு நடந்தால் பார்க்க ஆளில்லை. எனவே விசிலுக்குப் பிறகு மோதிய இருவரும் விலகும்வரை அங்கேயே நில்லுங்கள். பிறகு டேபிளும் பத்து வீரர்களும் ஒரே பார்வையில் வரும் இடத்துக்கு நகர்ந்து, ஃபவுல் செய்தவரின் எண்ணைச் சைகையால் காட்டுங்கள், சத்தமாகவும் சொல்லுங்கள். டேபிள் வரை போக வேண்டியதில்லை. ஃப்ரீ த்ரோவிலும் அப்படித்தான்: பந்தைக் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒதுங்கி, போடுபவரின் கால், வரிசையில் நிற்பவர்கள் இரண்டும் தெரியும்படி நில்லுங்கள்.

டேபிளில் இருப்பவர்கள்தான் இன்றைக்கு உங்கள் துணை. ஆட்டத்துக்கு முன் அவர்களோடு பேசுங்கள். ஒரு குவார்ட்டரில் ஒரு அணிக்கு நான்காவது ஃபவுல் ஆனதும் உங்களுக்குத் தெரியும்படி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள், ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதால். நீங்கள் கை காட்டாமல் மாற்று வீரர் உள்ளே வரக் கூடாது. வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுவதற்கான ஐந்து நொடி, நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதற்கான எட்டு நொடியைக் கை வீசி எண்ணுங்கள். நீங்கள் எண்ணுவதை எல்லோரும் பார்த்தால் வாக்குவாதம் குறையும். தாக்கும் அணி வீரர் கூடைக்கு முன்னுள்ள பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்பதற்கு விசிலைவிட வாய் நல்லது: "வெளியே வா" என்று ஒருமுறை சொன்னால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

கோச்சுகளிடமும் கேப்டன்களிடமும் ஒரு நிமிடம் போதும். இன்று நான் மட்டும்தான், கேள்வி இருந்தால் ஆட்டம் நிற்கும்போது கேப்டன் வந்து மரியாதையாகக் கேட்கலாம் என்று சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். பெஞ்சிலிருந்து கத்தல் தொடர்ந்தால் ஒருமுறை எச்சரியுங்கள், அப்புறம் நடத்தைக்காகக் கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுல்தான்.

கடைசி நொடி ஷாட்டுக்குக் கண் போடுபவரின் கையில், காது ஹாரனில் இருக்கட்டும். கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தால் இரண்டும் போய்விடும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அதோடு ஆட்டத்தின் மீது உங்கள் அதிகாரம் முடிகிறது. நேரம் முடிந்த பிறகு ஏதாவது தகராறு நடந்திருந்தால், அதையும் கையெழுத்துக்கு முன்பே ஷீட்டில் குறித்துவிட்டு, போட்டி நடத்துபவர்களுக்கு விரிவாக எழுதிக் கொடுங்கள்.