டீன் செக்‌ஷன்ல சண்டைக்கு வர்றவங்களுக்கு என்ன சொல்றது?

பெருந்துறையில இருந்து அமெரிக்காவுல ஒஹாயோ போன புதுசு. அங்க ஊர் லைப்ரரியில வாலண்டியரா இருக்குது ஒரு தங்கச்சி. டீன் செக்‌ஷன் (பதின்ம வயசுப் பிள்ளைகளுக்கான பகுதி) புத்தகம் ஒண்ணைக் காட்டி, இதை ஏன் வெச்சிருக்கீங்கன்னு ஒரு அம்மா சத்தம் போட்டாங்களாம், என்ன சொல்றதுன்னு கேக்குது. கூடவே வாடகை, கார், குளிருக்கு கோட்டு.

கோட்டும் காரும் யூட்யூப்ல கொட்டிக் கிடக்குது அம்மிணி. லீவுக்கு கோபி வந்திருக்கேன், லைப்ரரி சமாச்சாரம் மட்டும் சொல்றேன். அமெரிக்காவுல எனக்குச் சோறு போடுறதே லைப்ரரி வேலைதான். போன புதுசுல ஒரு பெரியவர் மேசையில புத்தகத்தை அறைஞ்சப்ப எனக்குக் கை உதறுனது இன்னும் மறக்கல.

நீ வாதாடாத. பொறுமையாக் கேட்டுப்போட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடு. புத்தகத்தை எடுத்தர்றோம்னு வாய் தவறிக்கூடச் சொல்லிராத. அடுத்தவங்க பிள்ளை என்ன எடுத்துட்டுப் போச்சுன்னு மூச்சு விடாத, அது சட்டம். பாதிப் பேர் காது குடுத்தாலே அடங்கிருவாங்க. அடங்காதவங்களுக்கு, புத்தகத்தை வெச்சிருக்கலாமான்னு மறுபடி பாக்கச் சொல்லி எழுதிக் குடுக்கற மறுபரிசீலனைப் படிவம் இருக்கும். "முழுசாப் படிச்சீங்களா?"ன்னு அதுல ஒரு கேள்வி வரும், அங்கதான் பேனா நிக்கும். கையில இருக்கறது ஒரு பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட்டுதான! படிவம் வந்தா லைப்ரரி கமிட்டி புத்தகத்தை முழுசாப் படிச்சு எழுத்துல பதில் குடுக்கும். பெரும்பாலும் அதுவரைக்கும் புத்தகம் அலமாரியிலயே இருக்கும். அந்தப் பதிலை ஒத்துக்கலைன்னா லைப்ரரி போர்டுக்கு அப்பீல். ஊருக்கு ஊர் விதி மாறும், உங்க பாலிசியை வாங்கிப் படிச்சுக்கோ. 2023ல மட்டும் 4,240 தலைப்புகளுக்கு எதிர்ப்பு வந்துச்சுன்னு அமெரிக்க லைப்ரரி சங்கம் கணக்குச் சொல்லுது.

நம்மாளுக தனி ரகம். தீபாவளிக்கு ஹால் கேப்பாங்க, தமிழ் புத்தகம் இல்லையான்னு கோவிச்சுக்குவாங்க. அட்டையில ரெண்டு பொண்ணுக கை கோத்திருந்தா, "நம்ம கல்ச்சர் என்னாகறதுங்க?"ன்னு என்ற காதுக்கிட்ட தமிழ்ல வந்து சொல்லுவாங்க. "உங்க பிள்ளைக்கு நீங்க சொல்லலாமுங்க, ஊரான் பிள்ளைக்குச் சொல்ல முடியாதுங்க"ன்னு சிரிச்சுட்டே சொல்லப் பழகிட்டேன். அந்தச் சிரிப்பு வர்றதுக்குத்தான் வருசக்கணக்காச்சு!

ஒரு பக்கத்தைப் பிடிச்சுத் தொங்கறது நமக்கொண்ணும் புதுசில்ல. 2014 கடைசியில திருச்செங்கோட்டுல பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்' நாவல்ல சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துத்தான் ஊரே கொதிச்சுது. 2016ல ஹைகோர்ட், பிடிக்கலைன்னா தூக்கிப் போடு, யாரும் படிக்கச் சொல்லி கட்டாயப்படுத்தலைன்னு சொல்லிருச்சு.

எங்க காலத்துல நாவல் அலமாரிப் பக்கம் பொண்ணுக போனாலே, "அப்பங்கிட்டச் சொல்லட்டா?"ன்னு கேப்பாரு லைப்ரரில இருந்தவரு. சமையல் புத்தகத்துக்குள்ள நாவலைச் சொருகிப் படிச்ச கூட்டம் நாங்க. அந்தக் கூட்டாளி ஒருத்தியை நேத்து சந்தையில பாத்தேன். முருங்கைக்காய்க்கு பேரம் பேசிட்டே, "கடைசிப் பக்கத்தை எவனோ கிழிச்சிருந்தானே, அவ அவனைக் கட்டிக்கிட்டாளா இல்லையா?"ங்கறா.