ஸ்பானிஷ் வராத மகள் லத்தீனோ முகாமுக்குப் போகலாமா?

கேள்வி: நான் மதுரைக்காரன். மனைவி சான் ஆன்டோனியோவில் பிறந்து வளர்ந்த மெக்சிகன் அமெரிக்கர். 16 வயது மகளுக்கு, நேஷனல் ஹிஸ்பானிக் இன்ஸ்டிடியூட் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்களுக்காகக் கோடையில் நடத்தும் லொரென்சோ தே சவாலா இளைஞர் சட்டமன்ற முகாமில் இடம் கிடைத்திருக்கிறது. இப்போது போக மாட்டேன் என்கிறாள். "எனக்கு ஸ்பானிஷ் வராது, பார்த்தால் இந்தியப் பெண். 'நோ சாபோ' என்று சிரிப்பார்கள்" என்கிறாள். (ஸ்பானிஷ் சரியாக வராத லத்தீனோ பிள்ளைகளைக் கேலி செய்யும் பெயர் அது; 'எனக்குத் தெரியாது' என்பதைத் தப்பாகச் சொல்வது.) தமிழ்ப் பள்ளிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்; அங்கேயும் வேற்று ஆளாகத்தான் பார்த்தார்களாம். கட்டாயப்படுத்தலாமா? பேசாமல் ஒரு கோடிங் முகாமில் சேர்த்துவிடவா?
- பெயர் வேண்டாம், டெக்சஸ்

பதில்: கோடிங் முகாம் எங்கேயும் ஓடிப்போகாது, சார். அது அடுத்த கோடையிலும் இருக்கும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஸ்பானிஷ் சரியாகப் பேச வராத லத்தீனோக்களில் 54 சதவீதம் பேர், சக லத்தீனோக்களே தங்களைக் குத்திக்காட்டியதாகச் சொல்லியிருக்கிறார்கள். லத்தீனோவாக இருக்க ஸ்பானிஷ் தெரிந்தே ஆக வேண்டியதில்லை என்று 78 சதவீதம் பேர் சொன்னதும் அதே கணக்கெடுப்பில்தான். கேலி செய்கிறவர்களில் பலரும் அந்த 78இல் இருப்பார்கள் என்பது என் சந்தேகம். எப்படியும், உங்கள் மகளைப் போலவே பயந்துகொண்டு வரும் பிள்ளைகள் அங்கே இன்னும் சிலராவது இருப்பார்கள்.

அவளுக்கு ஏன் ஸ்பானிஷ் வரவில்லை? கிளம்புவதற்கு முன் அம்மா வழிப் பாட்டியிடம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடத்த வேண்டும் என்று டெக்சஸ் 1918இல் சட்டம் போட்டது. 1969இல்தான் அது விலகியது. விளையாட்டு மைதானத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கிய பிள்ளைகள் தெற்கு டெக்சஸில் ஏராளம். நாம் பட்டது பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலத்தையே பேசிய பெற்றோரும் ஏராளம். உங்கள் மாமியார் வீட்டிலும் அது நடந்திருக்கலாம். அப்படியானால், ஸ்பானிஷ் வராததே அவள் குடும்பத்தின் மெக்சிகன் அமெரிக்க வரலாற்றில் ஒரு பகுதி. அதற்காக அவள் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

அந்தச் சட்டமன்றத்துக்குப் பெயர் கொடுத்த லொரென்சோ தே சவாலாவையும் பாருங்கள். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் பிறந்து, அந்த நாட்டின் 1824 அரசியலமைப்பில் கையெழுத்திட்டவர். பிறகு 1836இல், மெக்சிகோவிடமிருந்து பிரிந்த டெக்சஸின் விடுதலைப் பிரகடனத்திலும் கையெழுத்திட்டு, டெக்சஸ் குடியரசின் முதல் துணை ஜனாதிபதியானார். மெக்சிகோவில் அவரைத் துரோகி என்றார்கள். 'நீ எந்தப் பக்கம்' என்ற கேள்வியில் மாட்டிக்கொண்ட மனிதர் பெயரில் நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள ஒரு பெண் போவதில் என்ன பிழை?

அங்கே மாணவர்களே தேர்தலில் நிற்கிறார்கள், மசோதா எழுதுகிறார்கள், விவாதிக்கிறார்கள். யாராவது கேட்டால் "அம்மா மெக்சிகன், அப்பா தமிழ்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கட்டும். விளக்கம் நீண்டால் எதிராளிக்கும் சந்தேகம் வரும். முதல் நாளே ஏதாவது ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இரவு பன்னிரண்டு மணிக்கு மசோதாவைத் திருத்திக்கொண்டிருப்பவளிடம் யாரும் ஸ்பானிஷ் பரீட்சை வைக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியும் கடிதத்தில் தெரிகிறது: அங்கே ஒட்டிக்கொண்டால் தமிழை விட்டுவிடுவாளோ? தமிழ்ப் பள்ளியை அவள் விட்டதற்கு மெக்சிகோ காரணமில்லையே. அங்கே அவளை யார் எப்படி நடத்தினார்கள் என்று கேட்டீர்களா? முகாம் முடிந்து வந்ததும் அந்தப் பேச்சை எடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

கட்டாயப்படுத்தாதீர்கள், பாட்டியோடு பேசிய பிறகு அவளே முடிவு செய்யட்டும். போனாளென்றால், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ "வந்து கூட்டிட்டுப் போங்கப்பா" என்று போன் வரக்கூடும். யாராவது தொடர்ந்து அவமானப்படுத்துகிறார்கள் என்றால் பொறுப்பாளரிடம் உடனே பேசுங்கள், தேவைப்பட்டால் காரை எடுங்கள். சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்தேன் என்ற அளவில் இருந்தால், மறுநாள் இரவு வரை பொறுக்கச் சொல்லுங்கள்.