வளர்த்து விடும் கொசுவும் மாமாவின் கேள்வியும்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி கோரிமேட்டுப் பக்கம் இருக்கும் கொசு ஆராய்ச்சி மையத்தில் ஏதோ ஒரு கிருமியைக் கொசுவுக்குள் வைத்து 'டெங்குவைப் பரப்பாத கொசு' உருவாக்கியிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெரிய சண்டையாகிவிட்டது.

நாங்கள் கடலூர் முதுநகர். போன கார்த்திகையில் என் அண்ணன் மகளுக்கு டெங்கு வந்தது. ஆறு வயதுக் குழந்தை. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போய் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த ஐந்து நாளை நினைத்துத்தான் உங்கள் கட்டுரையை எல்லோருக்கும் அனுப்பினேன். ஆனால் என் மாமா கேட்கிறார்: "கொசுவை ஒழிக்கச் சொன்னால் கொசுவை வளர்த்து விடுகிறார்களா? எவனோ கொடுத்த கிருமியை விட்டுப் பார்க்க நம் ஊர்தான் கிடைத்ததா? இங்கே ஆலைகள் வந்தபோதும் ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னார்கள்." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கிருமி நமக்கு வராதா? எங்கேயாவது பலித்திருக்கிறதா? நீங்களும் ஒரு சந்தேகமும் இல்லாமல் சந்தோஷமாக எழுதிவிட்டீர்கள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இன்னொன்று. குழந்தையைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்கச் சொன்னார் ஒரு நர்ஸ். "காய்ச்சல் வந்த பிறகு வலை எதற்கு" என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நர்ஸ் சொன்னது சரிதானா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

குழந்தை தேறிவிட்டதில் நிம்மதி. மாமா கேட்டது நியாயமான கேள்வி. என் கட்டுரையில் அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. 'பரப்பாத கொசு' என்று எழுதியதும் தவறு. பரப்பும் வாய்ப்பு மிகவும் குறைந்த கொசு என்பதுதான் சரி.

கிருமியிலிருந்து தொடங்குகிறேன். அதன் பெயர் வோல்பாக்கியா. பூச்சிகள், சில வகைப் புழுக்கள் போன்றவற்றின் செல்லுக்குள் மட்டுமே வாழத் தெரிந்த பாக்டீரியா. 1924-இல் ஒரு கொசுவுக்குள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். உலகத்துப் பூச்சி இனங்களில் ஏறத்தாழ பாதியில் இது இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். வாழைப்பழம் கனிந்தால் சமையலறையில் மொய்க்கிற சின்ன ஈயில் இருக்கிறது. சாக்கடையில் பிறந்து ராத்திரி காதருகே வந்து பாடுகிற கியூலெக்ஸ் கொசுவில் இயற்கையாகவே இருக்கிறது. அந்தக் கொசு உங்களையும் என்னையும் உங்கள் மாமாவையும் பிறந்த நாளிலிருந்து கடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் வோல்பாக்கியா நமக்குப் புதிய விருந்தாளி இல்லை. மனிதச் செல்லில் அது குடியேறுவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவில்தான் அது இயற்கையில் கிடையாது. இல்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்ததுதான் இந்த ஆராய்ச்சி. மரபணுவில் கை வைக்கவில்லை. ஈயிலிருந்தும் வேறொரு கொசுவிலிருந்தும் எடுத்த பாக்டீரியாவை நுண்ணிய ஊசியால் ஏடிஸ் முட்டைக்குள் செலுத்தினார்கள். ஈயின் பாக்டீரியாவை வைத்து ஆஸ்திரேலியாவில் இதைச் சாதிக்கப் பல வருடங்கள் ஆயின.

உள்ளே போனதும் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, டெங்கு வைரஸ் அந்தக் கொசுவின் உடம்பில் சரியாகப் பெருக முடிவதில்லை. இரண்டாவதுதான் என்னை வியக்க வைத்தது. வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் பொரிக்கும், குஞ்சுகள் அத்தனையிலும் பாக்டீரியா இருக்கும். தாய்வழிச் சொத்து மாதிரி. அதனால் போதுமான அளவு கொசுவைச் சில மாதங்கள் விட்டால், அந்த வட்டாரத்துக் கொசுக் கூட்டமே மெல்ல மெல்ல மாறிவிடும். மருந்து அடிப்பது போல வருடா வருடம் செய்ய வேண்டியதில்லை.

இந்த 'முட்டை பொரியாமை' நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. 1967-இல், நம் ஊர்க்காரர்கள் கப்பலேறிப் பிழைக்கப் போன ரங்கூனுக்குப் பக்கத்தில், ஓக்போ என்ற கிராமத்தில் லாவென் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இதே வழியில் சாக்கடைக் கொசுவை ஒழித்துக் காட்டினார்.

இங்கே என் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவளுக்கு யானைக்கால். இந்தக் கடற்கரையில் எங்கள் தலைமுறைக்கு அது அன்றாடக் காட்சி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சுகாதாரத் துறைக்காரர்கள் கண்ணாடித் தகடோடு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். யானைக்காலை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும், பகலில் எடுத்தால் கிடைக்காது. பாட்டியின் காலுக்குள் இருந்த அந்தப் புழுவுக்குள்ளும் வோல்பாக்கியா உண்டு என்பது பின்னாளில் தெரிந்தது. அது இல்லாமல் யானைக்கால் புழுவால் குட்டி போட முடியாது, நீடித்து வாழவும் முடியாது. டாக்சிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாடிக்கைச் சில வாரங்கள் கொடுத்தால் வோல்பாக்கியா சாகிறது, பிறகு புழுவும் சாகிறது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்க முடியாது என்பதால் ஊருக்கே விநியோகிக்கும் மருந்தாக அது ஆகவில்லை. புழு சாகும்போது சிந்துகிற வோல்பாக்கியாவுக்கு உடம்பு கொஞ்சம் கொதிக்கும், காய்ச்சல் வரும். அதைத் தாண்டி அது மனிதனில் தங்கி நோயாக ஆனதில்லை. தென்னாற்காட்டில் எத்தனையோ ஆயிரம் பேர் தெரியாமலே அதைச் சுமந்திருக்கிறார்கள். கிருமி நமக்கு வராதா என்று கேட்டீர்கள். இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

சரி, எங்கே பலித்தது? இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தில். மழை, வெயில், நெருக்கமான வீடுகள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் நம் ஊர் போலத்தான். நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12-இல் மட்டும் வோல்பாக்கியா கொசுவை விட்டார்கள். அப்புறம் காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களைப் பரிசோதித்தார்கள். கொசு விட்ட பகுதிகளிலிருந்து வந்த 2,905 பேரில் 67 பேருக்கு டெங்கு. விடாத பகுதிகளின் 3,401 பேரில் 318 பேருக்கு டெங்கு. கணக்குப் போட்டால் 77 சதவீதம் குறைவு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய அளவு டெங்கு 86 சதவீதம் குறைந்தது. முடிவுகள் 2021-இல் வெளியாயின. உங்கள் அண்ணன் மகள் படுத்திருந்த அந்த ஐந்து நாளை, அப்படிப் படுத்திருக்கும் ஏழு பேரில் ஆறு பேருக்கு இல்லாமல் செய்ய முடியும் என்றால் நான் சந்தோஷமாகத்தான் எழுதுவேன். அதில் மாற்றமில்லை.

ஆனால் யோக்யகர்த்தாவில் பலித்தது கடலூரில் அப்படியே பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பிரேசிலில் ரியோ நகரத்துப் பக்கம் ஒரு இடத்தில் முதல் முயற்சி தோற்றது. அந்த ஊர்க் கொசுக்கள் பூச்சி மருந்துக்குப் பழகியிருந்தன. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவை பழகவில்லை, செத்துப்போயின. உள்ளூர்க் கொசுவோடு கலந்து அதே எதிர்ப்பு உள்ள கொசுக்களை விட்ட பிறகுதான் நிலைத்தது. அதனால்தான் கோரிமேட்டில் செய்ததைப் பெரிதாக நினைக்கிறேன். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகளை வரவழைத்து, புதுச்சேரியின் ஏடிஸ் கொசுவோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்தார்கள். 2022 ஜூலையில் இரண்டு வகை தயார் என்று அறிவித்தார்கள். ஒன்றில் பழ ஈயிலிருந்து வந்த டபிள்யூ-மெல் என்ற வோல்பாக்கியா வகை, மற்றதில் ஆசியப் புலிக்கொசுவிலிருந்து வந்த டபிள்யூ-ஆல்ப்-பி. இரண்டு வகை இருப்பது நமக்கு முக்கியம். புழுப் பருவத்தில் தண்ணீர் ரொம்பச் சூடானால் டபிள்யூ-மெல் குறைந்துபோகும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம். மற்றது வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், மலேசியாவில் அதைத்தான் விட்டார்கள். அக்னி நட்சத்திரத்தில் முதுநகர் மொட்டை மாடியில் கிடக்கும் ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

இனி மாமாவின் முக்கியமான கேள்வி: நம் ஊர்தான் கிடைத்ததா?

இதே சந்தேகத்தை இந்த நாடு ஒரு முறை உரக்கக் கேட்டிருக்கிறது. 1970 வாக்கில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து கொசுக்களை மரபியல் வழியில் கட்டுப்படுத்தும் ஒரு அலகை நடத்தின. பணம் அமெரிக்காவுடையது. ஹரியானாவின் சோனிபட்டில் மலடாக்கிய ஏடிஸ் ஆண் கொசுக்களை விடத் தயாரானார்கள். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவதும் ஏடிஸ்தான், அந்த நோய் இந்தியாவில் இல்லை, பின் இந்தக் கொசுவின் மேல் அமெரிக்காவுக்கு என்ன அக்கறை, இது கிருமிப் போருக்கான ஒத்திகையா என்று பத்திரிகைகள் கேட்டன. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு கேட்டது. சோனிபட்டில் ஒரு கொசுவும் பறக்கவில்லை. 1975-இல் அந்த அலகையே மூடினார்கள். அதே 1975-இல்தான் புதுச்சேரியில் இந்த ஆராய்ச்சி மையம் பிறந்தது. அந்த டெல்லி அலகில் வேலை பார்த்த பி.கே.ராஜகோபாலன்தான் இதன் முதல் இயக்குநர். வெளிநாட்டுப் பணத் திட்டம் போய், ஐ.சி.எம்.ஆரின் சொந்த மையம் வந்தது. 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தில் யானைக்காலைப் பரப்பும் கொசுவைக் கட்டுப்படுத்தும் பெரிய முயற்சியை அவர்கள்தான் நடத்தினார்கள்.

அன்றைய குற்றச்சாட்டுகளில் எவ்வளவு நிஜம் என்பது வேறு பேச்சு. பணம் யாருடையது, எதற்காக, தரவு யாரிடம் போகும் என்று முதல் நாளே மக்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லியிருந்தால், அந்த ஆராய்ச்சி அப்படி முடிந்திருக்காது என்று நான் நம்புகிறேன். உங்கள் மாமா கேட்பதும் இதைத்தான். அவரைப் படிக்காதவர், அறிவியலுக்கு எதிரி என்று குழுவில் யாராவது சொல்லியிருந்தால் தயவுசெய்து திருத்துங்கள். ஆலைப் புகையை முகர்ந்து வளர்ந்த ஊர்க்காரருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

அவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா தாய்வழியாகத்தான் போகும் என்பதால் பெண் கொசுக்களையும் விட்டாக வேண்டும். பெண் கடிக்கும். சில மாதங்களுக்குக் கொசுக்கடி கூடலாம். சிங்கப்பூரில் கடிக்காத ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறார்கள், ஆனால் அங்கே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, நம் தெருவில் இதைச் செய்யும் முன் நம்மைக் கேட்டாக வேண்டும். அரசின் அனுமதிக் காகிதம் மட்டும் போதாது. யோக்யகர்த்தாவில் கொசு முட்டை போட்ட வாளிகளை மக்களின் வீட்டு முற்றத்தில்தான் வைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து மாற்றினார்கள். வீட்டுக்காரர் சம்மதிக்காமல் அது நடக்குமா?

எங்கள் தெருவில் யானைக்கால் மாத்திரை கொடுத்தபோது நடந்தது எனக்கு மறக்காது. வந்தவர் கையில் திணித்துவிட்டு, நோட்டில் டிக் போட்டுவிட்டுப் போனார். நோய் இல்லாதவன் எதற்கு விழுங்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பாதி வீடுகளில் அது சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. ஒரே ஒரு வருடம், பக்கத்து வீட்டு டீச்சர் வாசலில் நின்று, "உன் ரத்தத்தில் இருக்கிற குஞ்சு உனக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், கொசு அதை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும்" என்று சொன்னார். அந்த வருடம் எல்லோரும் அவர் முன்னாலேயே விழுங்கினோம்.

கொசுவை ஒழிக்கச் சொன்னால் என்று மாமா தொடங்கியதற்கும் ஒரு வார்த்தை. சாக்கடையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும், ஆனால் அது கியூலெக்ஸுக்குத்தான் பதில். ஏடிஸ் சாக்கடையைத் தேடிப் போவதில்லை. மூடாத சின்டெக்ஸ் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, ஆட்டுக்கல் குழி, கொட்டாங்குச்சி, பழைய டயர் என்று நம் வீட்டு நல்ல தண்ணீரில் வளர்கிறது. முட்டை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் காத்திருந்து ஐப்பசி மழையில் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தொட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். வோல்பாக்கியா கொசு வந்தாலும் இந்த வேலை நிற்காது.

கடைசியாக வலை. நர்ஸ் சொன்னது முழுக்கச் சரி. காய்ச்சல் அடிக்கும் நாட்களில் குழந்தையின் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது. பகலில் கடிக்கும் ஏடிஸ் அவளைக் கடித்தால் வைரஸை எடுத்துக்கொள்ளும். சுமார் பத்து நாளில் அது அந்தக் கொசுவின் எச்சிலுக்கு வந்துவிடும். பிறகு அது கடிப்பது வீட்டில் இருக்கும் மற்றவர்களை, இல்லையென்றால் பக்கத்து வீட்டை. ஏடிஸ் அதிக தூரம் பறக்காது, பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றி நூறு இருநூறு மீட்டருக்குள்தான் திரியும். வலை அந்தக் குழந்தைக்காக இல்லை, உங்கள் தெருவுக்காக. வருகிற மழைக்காலத்தில் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் நாளே, பகலிலேயே கட்டிவிடுங்கள். மாமாவிடமும் சொல்லுங்கள்.

அன்புடன்.