ரஷ்யாவில் வேலை போகவில்லை, சம்பளம்தான் வரவில்லை

கேள்வி: சோவியத் யூனியன் உடைந்த பிறகு ரஷ்யப் பொருளாதாரம் பயங்கரமாகச் சரிந்தது என்கிறார்கள். ஆனால் 1990களின் நடுவில் வேலையில்லாதவர்கள் விகிதம் போலந்தில்தான் அதிகம். அப்படியென்றால் ரஷ்யத் தொழிலாளிக்கு அவ்வளவு பாதிப்பில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. ரஷ்யத் தொழிலாளி போலந்துக்காரரைவிட மோசமாக அடிபட்டார். அந்த அடி வேலையின்மைக் கணக்கில் பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

1990க்கும் 1998க்கும் இடையில் ரஷ்யாவின் மொத்த உற்பத்தி சுமார் 40 சதவீதம் விழுந்தது. வேலையில் இருந்தவர்கள் எண்ணிக்கையோ 15 சதவீதம் அளவுக்குத்தான் குறைந்தது. நடுவில் உள்ள இடைவெளியை யார் சுமந்தது? வேலையில் இருந்தவர்களே சுமந்தார்கள், தங்கள் சம்பளத்தால்.

பழைய ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று சோவியத் அரசு 1930லேயே அறிவித்து, வேலைவாய்ப்பு அலுவலகங்களை மூடிவிட்டது. வேலை செய்யாமல் இருப்பது சட்டப்படி குற்றம். சம்பளத்தை மாஸ்கோ ஒரு அட்டவணை போட்டு நிர்ணயித்தது. சுரங்கத் தொழிலாளிக்கு மருத்துவரைவிட அதிகம். கையில் ரூபிள் இருந்தது, கடையில் பொருள் இல்லை. ஆகவே பழைய சம்பளத்தையும் புதிய சம்பளத்தையும் அப்படியே ஒப்பிடக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான பொருள்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஒரு வருடத்தில் விலைகள் 25 மடங்குக்கு மேல் ஏறின. சம்பளமும் ஏறியது, ஆனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. வாழ்நாள் சேமிப்பெல்லாம் சில மாதங்களில் கரைந்தது.

அதன் பிறகு வந்ததுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிற விஷயம்: சம்பள பாக்கி. மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடத்துக்கும் மேலாக, வேலைக்குப் போனவர்களுக்குக் காசு வரவில்லை. உச்சத்தில் இருந்தபோது தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவது பாக்கி இருந்தது. ஆசிரியர்கள், மருத்துவர்கள், ராணுவத்தினர் என்று அரசே சம்பளம் கொடுக்க வேண்டியவர்களுக்கும் இதே கதி. பல ஆலைகள் பணத்துக்குப் பதில் தாங்கள் செய்த சரக்கையே கொடுத்தன. கண்ணாடிப் பொருள்களுக்குப் பேர்போன கூஸ் ஹ்ருஸ்தால்னி ஊரில், தொழிலாளர்கள் சம்பளமாக வந்த கண்ணாடிச் சாமான்களைச் சாலையோரத்தில் விற்றார்கள். விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போது ஆறு மாதம் கழித்து வரும் சம்பளம் முழுச் சம்பளம் இல்லை. தொழிலாளி தன் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தார் என்பதே உண்மை.

சரி, பிறகு ஏன் வேலையை விடவில்லை? குடியிருந்த வீடு, பிள்ளைகளின் மழலையர் பள்ளி, மருத்துவமனை என்று எல்லாம் ஆலையோடு ஒட்டியிருந்தன. ஓய்வூதியத்துக்கு வேண்டிய பணிக்காலம் அங்கேதான் பதிவானது. விட்டுப் போனால் பாக்கியும் போன மாதிரிதான் என்ற பயம். ஒரே ஆலையை நம்பிக் கட்டிய ஊர்கள் ஏராளம்; அங்கே அடுத்த வேலை என்று ஒன்றே கிடையாது. வேறு ஊருக்குப் போகலாமென்றால் இருக்கும் வீட்டை விற்று அங்கே ஒன்று வாங்க முடியாது. வேலையின்மை உதவித்தொகை 1991லிருந்து இருந்தது. அது மிகக் குறைவு, அதுவும் பல இடங்களில் நேரத்துக்கு வரவில்லை. எனவே பெயரை ஆலைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டார்கள். துருக்கிக்கும் சீனாவுக்கும் போய்த் துணிமணி மூட்டை கட்டிவந்து சந்தையில் விற்றார்கள்.

ஆலை நிர்வாகத்துக்கும் ஆளை வெளியே அனுப்புவதில் லாபமில்லை. ஆட்குறைப்பு செய்தால் இரண்டு மூன்று மாதச் சம்பளம் இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினால் எதுவுமே கொடுக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சம்பள உயர்வைக் கட்டுப்படுத்த அரசு ஒரு வரி போட்டிருந்தது. அது சராசரிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. குறைந்த சம்பளக்காரர்கள் நிறையப் பேரைப் பதிவேட்டில் வைத்திருந்தால் சராசரி இறங்கும், வரியும் இறங்கும். வெறும் பெயருக்கு வேலையில் வைத்திருக்க அரசே வழிகாட்டியது போல ஆயிற்று.

போலந்து வேறு பாதையில் போனது. 1990 ஜனவரி 1 அன்று, சந்தைப் பொருளாதாரத்துக்கு மாற நிதியமைச்சர் பால்செரோவிச் வகுத்த திட்டம் அமலுக்கு வந்தது. அங்கேயும் சம்பள உயர்வுக்கு வரி உண்டு, அங்கேயும் முதல் வருடத்தில் உண்மைச் சம்பளம், அதாவது விலை ஏற்றத்தைக் கழித்துப் பார்த்த சம்பளம், கடுமையாகச் சரிந்தது. ஆனால் நஷ்டத்தில் ஓடிய ஆலைகளுக்குப் பணம் கொட்டுவது குறைந்தது, வேலை போனவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது, சிறு தனியார் தொழில்கள் வேகமாக முளைத்தன. 1993 முடிவில் வேலையின்மை 16 சதவீதத்தைத் தாண்டியது. அது சின்ன வேதனை இல்லை. அரசுப் பண்ணைகள் மூடிய கிராமங்கள் வெகுகாலம் எழுந்திருக்கவில்லை. இருந்தாலும் வேலை போனவருக்குத் தன் வேலை போய்விட்டது என்று தெரியும், அரசுக்கும் தெரியும். 1996 வாக்கில் போலந்தின் உற்பத்தி 1989இன் அளவை எட்டிவிட்டது. ரஷ்யா தன் பழைய அளவை எட்ட இன்னும் பத்து வருடம் ஆனது.

(கிழக்கு ஜெர்மனி இதற்கு நேர் எதிர்முனை. 1990 ஜூலையில் சம்பளங்களை ஒன்றுக்கு ஒன்று என்று மேற்கு ஜெர்மன் மார்க்குக்கு மாற்றினார்கள். சம்பளம் உயர்ந்தது, அந்தச் சம்பளம் கொடுத்துப் பிழைக்க முடியாத ஆலைகள் வரிசையாக மூடின. மேற்கின் பணம் இருந்ததால் உதவித்தொகையாவது தவறாமல் கிடைத்தது.)

ஆக, ரஷ்ய வழி மென்மையானது, ஆளைத் தெருவில் விடாத வழி என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் 64 வயதை ஒட்டி இருந்தது, 1994இல் 58க்கும் கீழே போனது. மது உட்பட அதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்றே தெரியாத வாழ்க்கையையும் அதில் சேர்க்க வேண்டும். 1998இல் சம்பளம் கேட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் ரயில் பாதைகளில் உட்கார்ந்தார்கள். மாஸ்கோவில் அரசு மாளிகைக்கு எதிரே தலைக்கவசங்களைத் தரையில் தட்டி நாள்கணக்காகப் போராடினார்கள்.

அந்த ஆகஸ்டில் ரூபிள் விழுந்தது. அப்புறம் உள்நாட்டு ஆலைகள் மெல்ல ஓட ஆரம்பித்தன, எண்ணெய் விலையும் ஏறியது, பாக்கிகள் அடுத்த சில வருடங்களில் பெரும்பாலும் தீர்ந்தன. ஆனால் நெருக்கடி வந்தால் ஆளை வேலையில் வைத்துக்கொண்டே சம்பளத்தில் கை வைக்கும் பழக்கம் போகவில்லை. 2015இல் உண்மைச் சம்பளம் சுமார் 9 சதவீதம் இறங்கியது. வேலையின்மை 6 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.