‘நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்று ஹெச்.ஆர். சொன்னால்...

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் 6 ஆண்டாக டீம் லீட். மேனேஜரின் கெடுபிடி தாங்கவில்லை, இரவு 11 மணிக்கும் கால். இப்போது ஹெச்.ஆர். கூப்பிட்டு, ‘ராஜினாமா செய்தால் ரிலீவிங் லெட்டர், இல்லையென்றால் டெர்மினேஷன்’ என்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முக்கியமாக, அந்த அறையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். ‘வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்று எழுந்து வந்துவிடுங்கள். அன்றிரவே, அவர்கள் சொன்னதைக் குறிப்பிட்டு ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்கள். சொந்த மெயிலிலிருந்து போடுங்கள். ஆபீஸ் மெயில் மறுநாளே முடங்கலாம்.

ஆட்குறைப்பு என்று அவர்களே அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ், அப்புறம் ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். உங்களுக்கு 90 நாள் சம்பளம். நீங்களாகப் போவதாக எழுதினால் அதில் ஒரு பைசா வராது. அந்தக் கடிதத்துக்கு அவர்கள் அவசரப்படுவது இதற்காகத்தான். கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி, 5 ஆண்டு தாண்டிவிட்டதால் ராஜினாமா செய்தாலும் உண்டு.

‘லீடுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது’ என்பார்கள். பதவிப் பெயரை வைத்து அது முடிவாவதில்லை, செய்யும் வேலையை வைத்துத்தான். லீவு கொடுக்க, ஆள் எடுக்க, நீக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா? நாளில் பெரும்பகுதி நீங்களே புரோகிராம் எழுதுகிறீர்களா, பிறர் வேலையை மேற்பார்க்கிறீர்களா? மேற்பார்வைதான் முதன்மை, மாதச் சம்பளமும் 18,000 ரூபாயைத் தாண்டுகிறது என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அந்தத் தொகையை இந்தத் துறையில் யார்தான் தாண்டவில்லை! அதனால் நீங்கள் செய்யும் வேலையைக் காட்டும் அப்ரைசல் படிவம், உங்கள் பெயரில் வந்த வேலைகளின் ‘டிக்கெட்’ பட்டியல் எல்லாவற்றையும் இப்போதே குறித்து வையுங்கள்.

வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். நிறுவனத்தின் ஆள் வரமாட்டார், வாய்தா வாங்குவார், அலுவலரும் அடுத்த தேதி போடுவார். வேலை போனவருக்கு அடுத்த மாத வாடகை எங்கிருந்து வரும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மனு கொடுத்து 45 நாள் ஆனதும் காத்திருக்காமல் நேரே தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இன்னொன்று, பி.எஃப். ஏஜென்ட். வேலை போனவர்களைத் தேடி வருகிறவர்கள் இவர்கள். ‘யூ.ஏ.என். (உங்கள் பி.எஃப். கணக்கு எண்), ஓ.டி.பி. கொடுங்கள், நாலு நாளில் பணம்’ என்று கமிஷன் கேட்பார்கள். யூ.ஏ.என். தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஒருவேளை பயத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா? அதை அவர்கள் ஏற்பதற்குள், ‘வற்புறுத்தலால் எழுதினேன், திரும்பப் பெறுகிறேன்’ என்று இன்றே மெயில் அனுப்புங்கள்.