பிடியரிசியும் ஈரச் சுவரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மாதம் 10ஆம் திகதி சம்பளம் கிடைக்கிறது. 25ஆம் திகதிக்குள் கடையில் கடன் எழுத வேண்டியிருக்கிறது. நான்கு பேர் கொண்ட எங்கள் வீட்டில் எதை மிச்சம்பிடித்து, அவசரத்துக்கு இரண்டு வார உணவுப் பொருளைச் சேமிப்பது? – ஹட்டன் வாசகி

பணத்தை மிச்சம்பிடித்துப் பொருள் வாங்குவது உங்கள் நிலையில் நடக்காது. பொருளிலிருந்தே பொருளை ஒதுக்க வேண்டும். நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்களே, அந்தப் பிடியரிசிதான் வழி. ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசியும் மாவும் சேர்த்து 300 கிராம் என்று கொண்டால் உங்கள் வீட்டுக்கு 1.2 கிலோ வேண்டும். இரண்டு வாரத்துக்குச் சுமார் 17 கிலோ. பகலில் சோற்றுக்கு அளக்கும்போது ஒரு பிடியும் இரவில் ரொட்டிக்கு மா எடுக்கும்போது ஒரு பிடியும் ஒதுக்கினால், மாதம் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை சேரும். ஆறேழு மாதங்களில் அந்த 17 கிலோவும் கைக்கு வந்துவிடும். பருப்பைச் சம்பளத்தன்று வழக்கத்துக்கு மேல் அரை கிலோ வாங்குங்கள். ஆறு மாதத்தில் சேரும் 3 கிலோ, ஆளுக்கு 50 கிராம் வீதம் அதே இரண்டு வாரத்துக்குப் போதும். ஒதுக்கியதைத் தொடாமல் காப்பதாக நினைத்துப் பழசாக்கிவிடாதீர்கள். மாதந்தோறும் பழையதை எடுத்துச் சமைத்து, அதே அளவு புதியதை இட வேண்டும்.

எங்கள் லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) சாக்கு அரிசி பூஞ்சண வாடை அடிக்கிறது, கோதுமை மா கட்டிபிடிக்கிறது, வண்டும் வருகிறது. அந்துருண்டை போடலாமா? – தலவாக்கலை வாசகர்

அந்துருண்டை நஞ்சு, உணவுப் பொருள் இருக்கும் அறையிலேயே அது கூடாது. வேப்பிலை போடச் சொல்பவர்களும் உண்டு, ஆனால் வேம்பு நம் மலைநாட்டுக் குளிருக்கு வளராத மரம், யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு.

உங்களுக்கு முதல் எதிரி வண்டன்று, ஈரம். குளிரில் வண்டு மெதுவாகவே பெருகும். தாழ்நில வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறையை முடிக்கும் அரிசி வண்டு, மலையில் அதைவிட நெடுநாள் எடுத்துக்கொள்ளும். பெண் வண்டு அரிசிமணிக்குள்ளேயே முட்டையிடுவதால், கடையில் வாங்கும்போதே அது கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஈரம் அப்படியல்ல, சிமெந்துத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் மழைக்காலம் முழுவதும் சாக்கினுள் ஊறிக்கொண்டே இருக்கும். ஆகவே சாக்கை ஒழித்துவிட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளியிலோ பழைய பிஸ்கட் டின்னிலோ அரிசியைக் கொட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரைத் தொடாமல் பலகைமேல் வையுங்கள். எலிக்கும் அதுவே காவல்.

மூடுமுன் அரிசி காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மலிவான சோதனை உண்டு. ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த உப்பும் இட்டு, நன்றாகக் குலுக்கி, கால் மணிநேரம் விடுங்கள். போத்தலின் உட்சுவரில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 வீதத்துக்கு மேல், அதை அடைத்து வைக்கக் கூடாது. தீட்டாத சிவப்பரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது சில மாதங்களிலேயே சிக்கு வாடை பிடிக்கும். நெடுநாள் இருப்புக்குத் தீட்டிய அரிசியே ஏற்றது. மாவை அவித்து வைப்பவர்கள் அது முழுவதும் ஆறி உலர்ந்த பிறகே டின்னில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நீராகிவிடும்.

அடுப்புக்கு மேலுள்ள பரண்தான் காம்பராவில் மிக உலர்ந்த இடம். கருவாட்டுக்கும் செத்தல் மிளகாய்க்கும் அதைவிட நல்ல இடமில்லை. எண்ணெயும் பால்மாவும் அந்தச் சூட்டில் கெடும். பூஞ்சணம் பூத்த நிலக்கடலையையோ மிளகாயையோ கழுவிக் காயவைத்து உண்ணாதீர்கள். அதன் நஞ்சு கழுவியும் போகாது, வேகவைத்தும் போகாது.

எந்த மாதத்தில் வாங்கி வைப்பது நல்லது? – பசறை வாசகி

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். அவர்கள் ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டும். பதுளை மாவட்டத்தினருக்கு ஒக்டோபர் இடிமழையும் அதைத் தொடரும் வடகீழ்ப் பருவமழையும்தான் பெரியவை. ஆகையால் உங்களுக்குச் செப்டெம்பரே எல்லை.

கொண்டைக்கடலையும் சிவப்பு பீன்ஸ் விதையும் மலிவாக வாங்கினேன். எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகவில்லையே? – நுவரெலியா வாசகி

பிழை உங்களுடையதன்று. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால் வேகும் நேரம் நீள்கிறது. பழைய விதையானால் இன்னும் நீளும். இரவு முழுவதும் ஊறவைத்து, பிரஷர் குக்கரில் வேகவையுங்கள். சிவப்பு பீன்ஸை ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்க வைக்க வேண்டும். அரைவேக்காட்டில் வாந்தி எடுக்கும். விறகு தட்டுப்பாடான வீட்டுக்கு என் தெரிவு மைசூர்ப் பருப்புத்தான்.

உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு வைக்கலாமா? – பண்டாரவளை வாசகர்

வேண்டாம், இரண்டும் விரைவில் கெடும். கிழங்கு இருட்டில், வெங்காயம் காற்றில். பச்சை நிறம் ஏறிய கிழங்கை எறிந்துவிடுங்கள்.

எங்கள் லயன் மண்சரிவு அபாயப் பகுதியில் இருக்கிறது. சேர்த்ததை என்ன செய்வது? – கொஸ்லாந்தை வாசகி

மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நடந்த மண்சரிவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாளிகளோடு சேர்த்து, கதவருகே ஒரு பை தனியாக இருக்கட்டும்: சமைக்காமல் உண்ணக்கூடிய பிஸ்கட், பேரீச்சம்பழம், வறுத்த மா, குழந்தையின் பால்மா, ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றராவது தண்ணீர், பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டைகள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சளில் இருக்கும்போதே பையைச் சரிபாருங்கள். சிவப்பு என்றால் வெளியேறச் சொல்வது. அப்போது பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், வாளிகளை இறக்க நிற்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.